சாவியை யாரிடம் கொடுப்பது?

பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வயதானவர்களையும், படுத்த படுக்கையாகிவிட்டவர்களையும் வீட்டிலேயே இருந்து கவனித்துக்கொள்ளப் பெண்களை அனுப்பும் சிறு ஸ்தாபனம் ஒன்று ஆரம்பிக்க உத்தேசமாம். சென்னையில் அதற்குக் கிராக்கி இருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வேலைக்கு வருகிறோம் என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். "ஆனால் இவர்களில் யாரை நம்பி ஒரு வீட்டுக்கு அனுப்புவது? ஒருத்தி தவறு செய்தால் என் பெயர் அல்லவா போகும்?" என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். பழைய பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போடும்போதே தராசு முள்ளை இரண்டு தடவை உற்றுப் பார்க்கிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், பெற்ற தாயை முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் காலை எட்டரை மணிக்கு ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்?

இருந்தாலும் சகோதரி, நீங்கள் கேட்டது பாதிக் கேள்விதான். மற்றப் பாதியைக் கேட்க வேண்டியவள் அந்தக் குப்பத்துப் பெண். "நான் போகிற வீட்டை நான் எப்படி நம்புவது?" என்பது அவள் கேள்வி. இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதலில் கிராக்கியைப் பார்ப்போம். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். 2021-க்கு மத்திய அரசு போட்ட மதிப்பீட்டில் அது 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான் நிற்கிறோம். ஒரு வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்த காலத்தில், தாத்தாவுக்குக் கால் விளங்காமல் போனால் முறை போட்டுப் பார்த்துக்கொள்ள மருமகளும் பேத்தியும் இருந்தார்கள். இன்றைக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில், ஒரு பெண் பெங்களூரில். நடுவில் இருக்கும் மயிலாப்பூர் வீட்டில் பாட்டி படுத்திருக்கிறாள். நம்மைவிடச் சீக்கிரம் கிழடுதட்டிய ஜப்பானில், முதியோர் பராமரிப்புக்கென்றே 2000-ஆம் வருஷத்தில் ஒரு தேசிய இன்ஷூரன்ஸ் திட்டம் கொண்டுவந்தார்கள். அப்படியும் பணிவிடை செய்யக் கைகள் போதாமல் பிற தேசத்துப் பெண்களை வரவழைக்கிறார்கள். பணத்தைத் திரட்டிவிடலாம், பொறுமையுள்ள கைகளைத் திரட்டுவதுதான் கஷ்டம்.

இனி பழவேற்காட்டைப் பார்ப்போம். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தியாவின் உப்பங்கழிகளில் ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இந்த ஏரி. அதன் பெரும் பகுதி ஆந்திராவில் கிடக்க, தெற்கு முனை நம்முடையது. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, அவர்களுடைய கல்லறைகளைப் பார்க்க உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். நமக்கு வேண்டியது கல்லறை அல்ல, குப்பங்கள். கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் திறந்திருந்தால் ஏரிக்குள் இறால் வரும். மணல் மூடிக்கொண்டால் வராது. இறால் வராத மாதத்தில் அடுப்பு எரிய வேறு வழி தேட வேண்டும். அந்த வழி பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் வந்து விடிகிறது.

இந்த மீனவர்களிடம் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்; வலை போடுகிறவர்களோ அதிகம். "முந்தியவனுக்கே இடம்" என்று விட்டால் தினம் ஒரு மண்டை உடையும். ஆகவே எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துவிடுகிறது. சீட்டுப் போட்டு இடம் ஒதுக்குகிறார்கள். இன்று நல்ல இடம் விழுந்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம். இன்று சுமாரான இடம் பெற்றவனுக்கு நாளை நல்ல காலம். முறை தப்பி வலை போட்டால் ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்பார்கள்.

இதில் நாம் பார்த்துக் கற்க வேண்டிய சூட்சுமம் ஒன்று இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் பார்த்து, "நீ யோக்கியனா?" என்று கேட்பதில்லை. யோக்கியமாக இருப்பது சுலபமாகவும், ஏமாற்றுவது சிரமமாகவும் இருக்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டார்கள். நம்பிக்கை என்பது ஒருவருடைய முகத்தில் எழுதியிருப்பது அல்ல. பல பேர் சேர்ந்து கட்டுகிற வலை மாதிரி. வீட்டுப் பராமரிப்புத் தொழிலுக்கும் இதுதான் சூத்திரம்.

பாடு முறையில் ஒரு குறையும் உண்டு. அது குறிப்பிட்ட மீனவ சமூகத்து ஆண்களின் உரிமை. தண்ணீரில் உட்கார்ந்தபடி கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் பங்கு கிடையாது. ஆகையால் ஊர் ஏற்பாட்டிலிருந்து நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள், வேலியை விட்டுவிடுங்கள். "எங்கள் சொந்தக்காரப் பெண்தான், நம்பலாம்" என்று ஒருவர் கொண்டுவருகிற வரிசையை மட்டும் பார்த்தால், அந்த வரிசைக்கு வெளியே நிற்கும் மிகப் பொறுமையான பெண்ணை நீங்கள் பார்க்காமலே போவீர்கள்.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முகவரியும் அடையாள அட்டையும் சரிபார்க்க வேண்டியதுதான். தமிழ்நாடு போலீசின் இணையதளத்தில் மனுப் போட்டு, வேலைக்கு வருகிறவரைப் பற்றிய சரிபார்ப்புச் சான்றும் வாங்கலாம். அவளுக்குச் சொல்லி, அவள் சம்மதத்தோடு வாங்குங்கள். ஆனால் அந்தக் காகிதம் என்ன சொல்லும்? அவள் பேரில் வழக்கு இல்லை என்று சொல்லும். நடுராத்திரி நான்காவது தடவையாகத் துணி நனைந்தபோது முகம் சுளிக்காமல் மாற்றுவாள் என்று சொல்லாது.

அதைச் சொல்லக்கூடிய சாட்சி வேறு இருக்கிறது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்த மகளிர் சுய உதவிக் குழு, இன்று கிராமம் தோறும் இருக்கிறது. குழுவில் சேர்ந்த பெண் மாதா மாதம் சேமிப்புக் கட்டினாளா, கடனைத் திருப்பினாளா, கட்ட முடியாத மாதத்தில் ஒளிந்துகொண்டாளா, நேரே வந்து சொன்னாளா என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்குத் தெரியும். ஐந்து வருஷத்துப் பழக்கத்தை ஐந்து நிமிஷப் பேட்டியில் நீங்கள் கண்டுபிடிக்க முடியுமா? குழுவிடம் கேளுங்கள். குழுவில் இல்லாதவளானால் கிராமத்து நர்ஸம்மாவிடமோ, பள்ளிக்கூடத்து ஆசிரியையிடமோ கேளுங்கள். சாட்சிகள் இரண்டு பேராக இருக்கட்டும். இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம்.

இது வெறும் யோசனை அல்ல. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி ஆரம்பமாயிற்று. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் அந்தப் பெண் தன்னார்வலர்கள் உள்ளூர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். கேரளத்தில் 1998-ல் தோன்றிய குடும்பஸ்ரீ இயக்கம், 'ஹர்ஷம்' என்ற பெயரில் தன் பெண்களுக்கு முதியோர் பராமரிப்பில் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. தெரிந்த பெண்ணைப் பயிற்றுவிப்பது, பயின்ற பெண்ணைத் தெரிந்துகொள்வதைவிடச் சுலபம்.

பேட்டியில் என்ன கேட்பது? "உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்?" என்று கேட்காதீர்கள். எல்லாம் தெரியும் என்றுதான் பதில் வரும். "எது உங்களுக்குத் தெரியாது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஊசி போடத் தெரியாதம்மா, மூக்கில் குழாய் வைத்தவர்களுக்கு ஆகாரம் கொடுத்துப் பழக்கமில்லை" என்று தயங்காமல் சொல்கிறவளை உடனே குறித்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவள், நாளைக்கு மாத்திரை மாறிப் போனாலும் மறைக்காமல் உங்களுக்குப் போன் செய்வாள். நோயாளி வீட்டில் உயிரைக் காப்பாற்றுவது அந்தக் குணம்தான்.

பயிற்சியில் மூன்று காரியங்களைக் கைப்பழக்கமாக்குங்கள். புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது; இல்லையேல் படுக்கைப் புண் வரும். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஆகாரம் ஊட்டுவது, ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் படுக்க விடாதிருப்பது. இல்லையேல் கஞ்சி மூச்சுக்குழாயில் போய்விடும். கொடுத்த மாத்திரையை அப்போதே நோட்டில் எழுதுவது. நடுவில் ஒரு விளையாட்டும் வையுங்கள். ஒரு பெண்ணை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி, இன்னொருத்தி அவளுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டட்டும். பிறகு இடம் மாறட்டும். அவசரமாக நீட்டுகிற ஸ்பூன் எப்படி இருக்கும் என்று வாயில் வாங்கிப் பார்த்தவள் பிறகு அவசரப்பட மாட்டாள்.

இப்போது மறு பாதிக்கு வருகிறேன். குப்பத்துப் பெண் பட்டணத்துக்கு வரும்போது அவளுக்குள்ள பெரிய பயம் என்ன தெரியுமா? கஷ்டமான வேலை அல்ல. புயலிலும் வெயிலிலும் மீன் கூடை சுமந்தவளுக்கு வேலை என்ன பயம்? "ஏதாவது காணாமல் போனால் என்னைத்தானே சொல்வார்கள்?" என்பதுதான். எங்கோ அலமாரியின் பின்னால் விழுந்த மோதிரம் பத்து நாள் கழித்து அகப்படும். அதற்குள் அவள் பெயர் ஊர் வரைக்கும் போயிருக்கும். மோதிரம் திரும்பி வரும்; பெயர் வருமா?

ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இது: பீரோச் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். முதல் நாளே நகையையும் பணத்தையும் குடும்பத்தார் பூட்டிச் சாவியைத் தங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் கையாளப் போகும் பொருள்களையும் செலவுக்குக் கொடுக்கும் பணத்தையும் எழுதி, குடும்பத்தார், அந்தப் பெண், உங்கள் ஸ்தாபனம் மூவரும் கையெழுத்துப் போடுங்கள். இது அவளைச் சந்தேகிப்பது அல்ல. அவளைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுவது. இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காத வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, தூக்கம். "இருபத்துநாலு மணி நேரமும் ஆள் வேண்டும்" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஒரே பெண் பகலெல்லாம் தூக்கி உட்கார வைத்து, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தால், நான்காம் நாள் அவள் எவ்வளவு நல்லவளாயிருந்தும் பயனில்லை. மூன்று மணிக்குப் பெரியவர் தண்ணீர் கேட்பது காதில் விழாது. தூங்கியது அவள் குற்றமா, தூங்க விடாதது யார் குற்றம்? ராத்திரிக் காவல் வேண்டிய நோயாளிக்கு இரண்டு பேர் வேண்டும். அல்லது பத்து மணிக்குமேல் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். இதைப் பணம் பேசும்போதே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, கூலி. வீட்டு வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைத் தமிழக அரசு 2018-ல் நிர்ணயித்தது. அதற்குக் கீழே போவது சட்ட விரோதம். அதோடு நிற்பதும் இந்த வேலைக்குப் போதாது. குடும்பம் கொடுக்கும் தொகையில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று இரு தரப்புக்கும் தெரியட்டும். கூலியை மறைக்கும் ஸ்தாபனத்தில் வேலை செய்கிறவளிடம் ஒளிவு மறைவில்லாத குணத்தை எதிர்பார்க்க என்ன நியாயம்? ஓடிவிடக் கூடாது என்று அவளுடைய அசல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பதும் வேண்டாம். பூட்டி வைத்தால் நிற்பாள், பயத்தினால் நிற்பாள்.

நான்காவது, மானம். வீடும் ஒரு வேலை செய்யும் இடம்தான் என்று 2013-ஆம் வருஷத்துப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனம் தனக்குள் ஒரு புகார்க் குழு வைக்க வேண்டும். சிறிய ஸ்தாபனத்துப் பெண்களும் வீட்டு வேலைக்காரர்களும் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் முறையிடலாம். அனுப்பும் முன்பே இதைப் பெண்களுக்குச் சொல்லிவிடுங்கள். "பிடிக்காத வீட்டிலிருந்து அன்றே திரும்பி வரலாம், கூலி பிடிக்க மாட்டோம்" என்ற ஒரு வார்த்தை இருபது உபதேசத்துக்குச் சமம்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒரு கேள்வி. மயிலாப்பூர்ப் பாட்டியைப் பார்த்துக்கொள்ள வருகிறாளே, அந்தப் பெண்ணின் தாயாரைக் குப்பத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்? ஏரிக்கரையிலும் பக்கவாதம் வருகிறது, கண் மறைக்கிறது, மறதி நோய் வருகிறது. பொன்னேரிக்கு வந்து ரெயில் பிடித்துத் தினம் போய்த் திரும்புவது எளிதல்ல. வீட்டோடு தங்கினால்தான் வேலை. தாயாருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் சொல்லாமல் கிளம்பிவிடுவாள். நீங்கள் அவளை "நம்ப முடியாதவள்" என்று நோட்டில் எழுதுவீர்கள். அவள் தன் தாயாருக்கு எவ்வளவு நம்பகமானவள் என்று அந்த நோட்டில் இடம் இராது.

இங்கேதான் பாடு முறையைக் கடன் வாங்கச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு பெண் என்று அனுப்பாதீர்கள். இரண்டு வீட்டுக்கு மூன்று பெண்கள் என்று கட்டுங்கள். எப்போதும் இருவர் சென்னையில், ஒருத்தி ஊரில். பத்து நாளுக்கு ஒருத்தி ஊர் திரும்ப, ஊரில் இருந்தவள் அவள் இடத்துக்குப் போகட்டும். ஊரில் இருக்கிறவள் தன் வீட்டோடு மற்ற இருவர் வீட்டுப் பெரியவர்களையும் எட்டிப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டார்களா என்று விசாரிக்கட்டும். முதல் சுற்று யாருக்கு என்பதற்குச் சீட்டுப் போடுங்கள்.

வருமானம் குறையாதா என்பீர்கள். குறையும், மறைக்க வேண்டாம். நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 நாளும் உழைப்பவளுக்கு 27,000; முறை வைத்து 20 நாள் உழைப்பவளுக்கு 18,000. ஆனால் ஓய்வில்லாமல் உழைப்பவள் மூன்றாம் மாதம் படுத்துவிடுவாள், அல்லது நின்றுவிடுவாள். முறையில் வருகிறவள் வருஷக் கணக்கில் வருவாள். ஊரில் இருக்கும் பத்து நாளில் பனை ஓலைக் கூடை முடையலாம், மீன் விற்கலாம், பிள்ளையின் தலையை வாரிவிடலாம். வீட்டுக்காரர்களுக்கும் லாபம் உண்டு. தீபாவளிக்கு ஆள் வரவில்லை என்று தவிக்க வேண்டாம். பாட்டிக்கு மூன்று முகமும் பழக்கமாயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருத்தி எழுதிய நோட்டை அடுத்தவள் படிக்கிறாள். முதுகில் சிவப்பு கண்டிருந்தால் அவள் கண்ணில் படும். ஒரு பெண்ணை வீட்டார் சரியாக நடத்தாவிட்டால், அதுவும் இன்னொருத்தி கண்ணில் படும். போலீஸ் சான்றும் கேமராவும் செய்யாத காவலை, முறை செய்துவிடும்.

வேலைக்கு ஆள் தேடும் மற்ற நேயர்களும், ஸ்தாபனத்தாரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: நான் கொடுப்பதில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு? அவள் எப்போது தூங்குவாள்? அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்குத் தெரிந்த யார் வருவார்கள்? தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் ஆளை எடுங்கள்.

பொன்னேரிச் சகோதரிக்கு என் யோசனை: பெரிய ஆபீஸ் வேண்டாம், முப்பது பெண்களும் வேண்டாம். மூன்று பெண்கள், இரண்டு வீடுகள், ஒரு நோட்டுப் புத்தகம். இதோடு ஆரம்பியுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மூவரிடமே, "நாலாவதாக யாரைச் சேர்க்கலாம்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெண்ணை நம்பலாம். ஏனென்றால், அவள் வராத நாளில் அவள் முறையைச் சுமக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.